கண்மாய்க்கரைப் பொழுது: திண்டுக்கல் சமவெளியின் நீரும் விளையாட்டும்

திண்டுக்கல்லில் இருப்பவர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே தொண்டிக்கோ தெற்கே தூத்துக்குடிக்கோ போக வேண்டும். எப்படிப் போனாலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. மலைக்கோட்டையின் உச்சியில் ஏறி நின்றாலும் ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனிமலைத் தொடரும்தான் தெரியும். இடையில் கரடுகள், மானாவாரிப் புன்செய்கள், தென்னந்தோப்புகள். ஆனால் கடலோரக் கிராமத்துக்காரர் ஓய்வுப்பொழுதில் செய்கிற காரியங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சமவெளிக்கும் பழக்கமானவை என்பது விளங்கும். நீச்சல், மீன்பிடிப்பு, மணலில் ஆட்டம், அந்தியில் காற்று வாங்கியபடி பேச்சு, திருநாளில் தண்ணீரை ஒட்டிச் சேரும் கூட்டம் என எல்லாமே இங்கும் உண்டு. இவற்றுக்கு இடம் கொடுத்தவை குளங்களும் கண்மாய்களும், குடகனாற்றுப் படுகையும், தோட்டத்துக் கிணறுகளும்.

கிராமத்து விளையாட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றைப் பழம்பெருமைக் கணக்கிலோ சுற்றுலாக் கணக்கிலோ சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டிலும் நிறைவில்லை. ஓர் ஊர்மக்கள் தங்கள் ஊர்த் தண்ணீரில் இறங்கி விளையாட முடிகிறதா என்று பார்த்தால் போதும், அந்தத் தண்ணீர் இன்னும் பொதுவாக இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். வருவாய்த்துறை ஆவணத்தில் ‘நீர்நிலைப் புறம்போக்கு’ என்று எழுதியிருப்பதைவிட இது உறுதியான சான்று. திண்டுக்கல் வட்டாரத்தின் நீர்க்கரைப் பொழுதுகளை இந்தக் கண்ணோடு பார்ப்பதுதான் இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் தண்ணீரின் கணக்கு. தென்மேற்குப் பருவமழையை மேற்குமலைகள் தடுத்துக்கொள்வதால் இந்தச் சமவெளிக்கு அதில் கிடைப்பது குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் குளம் நிறையும். ஆத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் காமராஜர் நீர்த்தேக்கம் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர் கொடுக்கிறது. அங்கிருந்து இறங்கும் குடகனாறு தாடிக்கொம்பு, வேடசந்தூர் வழியாக வடக்கே ஓடி அமராவதியில் கலக்கிறது. இடையில் வாய்க்கால்களும் வரத்துக்கால்களும் பிரிந்து குளம் குளமாக நிரப்ப வேண்டும். மேல்குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கீழ்க்குளத்துக்கு வரும். நத்தம் பக்கம் கண்மாய் என்பார்கள், ஆத்தூர், வேடசந்தூர் பக்கம் பெரும்பாலும் குளம்தான். தமிழ்நாடு முழுவதும் இப்படி ஏறத்தாழ 39,000 ஏரி, குளங்கள் இருப்பதாக அரசுக் கணக்கு சொல்கிறது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறையிடமும், அதற்குக் கீழ்ப்பட்டவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருக்கின்றன.

கடல் ஆண்டு முழுவதும் அங்கேயே கிடக்கும். குளம் அப்படியல்ல. கார்த்திகையில் கரைதொட்டு நிற்கும் தண்ணீர் மாசி, பங்குனியில் பாதியாகும், சித்திரை, வைகாசியில் மடையடிப் பள்ளத்தில் சேறாகத் தேங்கும். எனவே இந்த ஊர்களின் பொழுதுபோக்குக்கு ஒரு நாட்காட்டி உண்டு, அதை எழுதுவது தண்ணீர்தான். குளம் நிறைந்திருக்கும்போது தூண்டிலும் நீச்சலும். புது வெள்ளம் வந்து மறுகால் பாயும் நாட்களில், ஓட்டத்தை எதிர்த்து ஏறும் மீனைக் கூடையோடு நின்று பிடிப்பது பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் பொதுவான கொண்டாட்டம். தண்ணீர் வற்றியதும் ஊர் மொத்தமும் இறங்கும் மீன்பிடித் திருவிழா. அதற்குப் பிறகு காய்ந்த குளத்துத் தரையே மைதானம். கோடைவிடுமுறையில் திண்டுக்கல் வட்டாரத்தில் எந்தச் சாலையில் போனாலும் கரைக்கு உட்புறம் ஏதாவது ஒரு கிரிக்கெட் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும். வெடித்த வண்டல்மண்ணில் பிட்ச்சுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து, மட்டையால் தட்டிச் சமன் செய்திருப்பார்கள். எல்லைக்கோடு கருவேல மரங்கள்தான். இரவில் கோயில் திடலில் கபடி, அல்லது விடிய விடிய சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணம். ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழைய அந்த நாடகத்தை இன்றும் இந்தப் பக்கத்து ஊர்கள் பெட்ரோமாக்ஸ் விளக்குக்குப் பதில் எல்இடி விளக்குப் போட்டு உட்கார்ந்து பார்க்கின்றன.

இவற்றில் மீன்பிடித் திருவிழாவைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் மாவட்டங்களில் பரவியிருக்கும் வழக்கம் இது. திண்டுக்கல் மாவட்டத்தில் நத்தம் வட்டாரக் கண்மாய்களில் அதிகம் நடக்கிறது. அறுவடை முடிந்து, பாசனத்துக்கு இனி மடை திறக்க வேண்டியதில்லை என்று ஆன பிறகு, தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊர்ப் பெரியவர்கள் கூடி நாள் குறிப்பார்கள். முன்பு தண்டோரா போட்டுச் சுற்றுவட்டாரத்துக்குத் தெரிவித்தார்கள். இப்போது ஒரே இரவில் வாட்ஸ்அப்பில் நான்கு மாவட்டத்துக்குப் போய்விடுகிறது.

குறித்த நாளன்று விடியும் முன்பே கரை நிறைந்துவிடும். இருசக்கர வண்டிகள், சரக்கு ஆட்டோக்கள், பக்கத்து ஊர்களிலிருந்து நடந்தே வந்தவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஏதாவது ஒரு கருவி. ஊத்தா, கச்சா, பரி, வலை, கூடை. எதுவும் இல்லாதவர்கள் பழைய சேலையை இரண்டு முனையில் பிடித்துக்கொள்வார்கள். எவ்வளவு கூட்டம் இருந்தாலும் யாரும் தண்ணீரில் கால் வைப்பதில்லை. கரைமேல் இருக்கும் தெய்வத்துக்குத் தேங்காய் உடைத்துச் சூடம் காட்டி, ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீச வேண்டும். வீசிய மறுகணம் எல்லாத் திசையிலிருந்தும் கூட்டம் உள்ளே பாயும். சில நிமிடங்களில் தண்ணீர் முழுவதும் கலங்கிச் சேற்றுக் குழம்பாகிவிடும். கலங்குவதுதான் வேண்டும். மூச்சுத் திணறும் மீன் மேலே வரும்.

ஊத்தாவைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதைச் செய்தவரின் அறிவு புரியும். மூங்கில் சிம்புகளை வட்டமாக நிறுத்திக் கயிற்றால் வரிவரியாகப் பின்னியது. அடி அகலம், மேல்வாய் ஒரு கை நுழையும் அளவு. இரண்டு பக்கமும் திறப்புதான், அடைப்பே கிடையாது. கலங்கிய நீரில் மீன் கண்ணுக்குத் தெரியாது என்பதால், குத்துமதிப்பாக ஓரடிக்கு ஒரு தரம் தரையில் அழுத்திக்கொண்டே நடக்க வேண்டும். உள்ளே மீன் சிக்கினால் சிம்பில் முட்டும். அந்த முட்டல் உள்ளங்கைக்கு வரும். உடனே ஊத்தாவைச் சேற்றில் அழுத்திப் பிடித்து மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். பழகியவர்கள் முட்டும் விதத்தை வைத்தே விராலா கெளுத்தியா என்று சொல்லிவிடுவார்கள். கெளுத்தி என்றால் கையை அவசரப்பட்டு விடமாட்டார்கள். அதன் முள் குத்தினால் கடுப்பு இறங்க நேரம் பிடிக்கும். விராலோ வழுக்கிக்கொண்டு போகும், செவுளுக்குப் பின்னால் பிடித்தால்தான் நிற்கும். கம்பி வளையத்தில் நைலான் வலை கட்டிய ஊத்தாக்கள் இப்போது வந்துவிட்டன. தூக்க எளிதாக இருந்தாலும், மூங்கில் சிம்பு தரும் அதிர்வு அதில் இல்லை.

பிடித்த மீனை விற்பதில்லை என்பது இந்தத் திருவிழாவின் அடிப்படைக் கட்டுப்பாடு. சாக்குப்பையில் போட்டு வீட்டுக்குத்தான் கொண்டு போக வேண்டும். சொந்தக்காரருக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். அன்று மாலை ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் மீன் குழம்பு வாசனைதான். விராலைச் சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தரையில் தேய்த்து வழுவழுப்பை எடுப்பார்கள். அயிரை கிடைத்தவர்கள் அதை உயிரோடு பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துப் பிறகு மண்சட்டிக்குக் கொண்டு போவார்கள். ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர் வீட்டிலும் அன்று சட்டி காயாது. இப்படி எல்லோரும் இறங்கிப் பிடித்து எல்லோரும் சாப்பிட்டால் அடுத்த ஆண்டு மழை தவறாது, விளைச்சல் குறையாது என்பது நம்பிக்கை.

இந்த நம்பிக்கைக்குக் கீழே ஒரு நிர்வாக அறிவும் இருக்கிறது. இன்னும் சில வாரத்தில் முற்றிலும் வற்றப்போகும் குளத்தில் இருக்கும் மீன் எப்படியும் சாகப் போகிறது. அதைப் பிடிப்பதால் அடுத்த ஆண்டு மீன்வளம் குறைந்துவிடாது. விரால், குரவை போன்றவை காற்றையும் சுவாசிக்கக் கூடியவை. சேற்றுக்குள் புதைந்து ஈரம் உள்ளவரை தாக்குப்பிடிக்கும். மற்றவை மேல்குளத்து மறுகாலோடும் வரத்துக்கால் வெள்ளத்தோடும் திரும்ப வந்துவிடும். வரத்துக்கால் அடைபட்டால் மீன் வராது. அதாவது, இந்த வைகாசியில் மீன் கிடைத்ததா என்பது போன கார்த்திகையில் வாய்க்கால் திறந்திருந்ததா என்பதற்கான கணக்கு. ஆண்டுக்கு ஒரு தரம் ஊர் முழுவதும் குளத்துக்குள் இறங்கும்போது, எங்கே மண்மேடு தட்டியிருக்கிறது, மடைத்தொட்டி எங்கே உடைந்திருக்கிறது, எந்தப் பக்கம் வேலியை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் எல்லோர் கண்ணிலும் படும். எந்தப் பொறியாளரின் ஆய்வும் இத்தனை கால்களால் ஒரு குளத்தை அளந்திருக்காது.

இந்தக் காரணத்தால்தான் கொசுவலையைக் கொண்டு இறங்குவதை நான் ஏற்க மாட்டேன். ஊத்தா பெரிய மீனைத்தான் பிடிக்கும், சிம்புகளுக்கு இடையே குஞ்சு தப்பிவிடும். கொசுவலை எல்லாவற்றையும் அள்ளிவிடும். முற்றிலும் வற்றாமல் ஒரு பள்ளத்தில் தண்ணீர் நிற்கிற குளம் என்றால் இந்த வேறுபாடு பெரியது. எந்தக் கருவி ஆகும், எது ஆகாது என்று ஊர்க்கூட்டம் முடிவெடுத்துச் சொல்ல முடியும். வெள்ளைத் துண்டு வீசும்வரை ஆயிரக்கணக்கானவர்களைக் கரையில் நிறுத்தி வைக்கிற ஊருக்கு இது பெரிய காரியமில்லை.

உலகில் வேறு வறண்ட நாடுகளிலும் இதே ஏற்பாடு உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகோன் மக்கள் வாழும் பாம்பா என்னும் ஊரில் அந்தோகோ என்ற சிறு ஏரி இருக்கிறது. ஆண்டு முழுவதும் அதில் மீன் பிடிக்கத் தடை. வறட்சிக் காலத்தில் ஒரே ஒரு நாள், பெரியவர்கள் சைகை காட்டியதும் ஆண்கள் கூடைகளோடு பாய்ந்து சிறிது நேரத்தில் ஏரியைக் காலி செய்துவிடுவார்கள். பிடித்த மீன் ஊரின் மூத்தவரிடம் போய்ப் பங்கிடப்படும். நைஜீரியாவின் ஆர்குங்கு மீன்பிடித் திருவிழா 1934இல், நெடுங்காலம் பகைமை கொண்டிருந்த இரண்டு அரசுகளின் சமாதானத்தை ஒட்டித் தொடங்கியது. கைவலையும் பெரிய சுரைக்குடுக்கையும்தான் அங்கே கருவிகள். 2016இல் யுனெஸ்கோ அதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டிலேயே அசாமில் ஜோன்பீல் மேளாவின்போது ஊரார் ஒன்றுகூடி நீர்நிலையில் மீன் பிடிக்கிறார்கள். பாம்பாவில் பெண்கள் ஏரிக்குள் இறங்கக் கூடாது. நம் பக்கத்துக் கண்மாய்களில் பெண்களும் சிறுமிகளும் சேலையைச் சொருகிக்கொண்டு கூடையோடு இறங்குகிறார்கள். இந்த ஒரு வேறுபாட்டுக்காகவே நம் திருவிழா தனியாக ஆராயப்பட வேண்டியது. நத்தம் பக்கத்துத் திருவிழாக்களோ செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில் ஒரு புகைப்படத்தோடு முடிந்துவிடுகின்றன.

ஆனால் எல்லாக் குளத்திலும் இப்படி இறங்க முடியாது. இடையில் நிற்பது, குளத்து மீனைப் பிடிக்கும் உரிமையை ஏலத்தில் விடும் மீன்பாசி குத்தகை. 1957இல் கட்டாக்கில் மீன்வள அறிவியலாளர் ஹீராலால் சௌத்ரி ஊக்குநீர் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைப்பதில் வெற்றி கண்டார். அதன்பின் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை ஆற்றில் போய்த் தேடாமல் பண்ணையிலேயே உற்பத்தி செய்ய முடிந்தது. கங்கைச் சமவெளி மீன்கள் தமிழ்நாட்டுக் குளத்துக்கு வந்தன. அதற்கு முன்பே 1952இல் இலங்கையிலிருந்து மண்டபத்துக்குக் கொண்டுவரப்பட்ட திலேப்பியா, ‘ஜிலேபி’ என்ற பெயரில் எல்லா நீர்நிலையிலும் பரவியிருந்தது. குஞ்சு விட்டால் ஆறேழு மாதத்தில் கிலோக் கணக்கில் மீன் என்று ஆனதும், குளத்து மீன் ஏலத்துக்கு உரிய சொத்தாயிற்று. குத்தகை எடுத்தவர் குஞ்சுக்கும் தீவனத்துக்கும் பணம் போட்டிருக்கிறார். அவர் அனுமதி இல்லாமல் தூண்டில் போட்டால்கூடச் சண்டை வருவது இயல்பு.

குத்தகையே தவறு என்று சொல்ல மாட்டேன். ஊராட்சிக்கு அதில் வருமானம் உண்டு, மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்குப் பிழைப்பு உண்டு, நகரத்துச் சந்தைக்கு மலிவான மீன் கிடைக்கிறது. ஆனால் ஓர் ஊரில் மூன்று குளம் இருந்து மூன்றும் ஏலத்துக்குப் போய்விட்டால், அந்த ஊர்ப் பிள்ளைக்குத் தன் ஊர்த் தண்ணீரோடு என்ன உறவு மிச்சம்? ஏலத்தில் வந்த தொகை எந்தத் தெருவிளக்காக மாறியது என்று அவனுக்குத் தெரியாது. விரால் முட்டும்போது உள்ளங்கையில் ஏறும் அதிர்வு அவனுக்குக் கிடைக்காமல் போனது மட்டும் நிச்சயம். திருவிழா நடக்கும் சில ஊர்களில் வெளியூர்க்காரர்களிடம் ஊத்தாவுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பழக்கமும் வந்திருக்கிறது. கோயில் செலவுக்கு என்று சொல்கிறார்கள். ஒரு முறை கட்டணம் வந்த பிறகு, கொடுத்த காசுக்கு மீன் கிடைத்ததா என்ற கணக்கும் பின்னாலேயே வந்துவிடும். விற்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை அந்தக் கணக்கு மெல்ல அரித்துவிடும் என்று நான் அஞ்சுகிறேன்.

நகரத்தை ஒட்டிய நீர்க்கரைகளின் கதை இதைவிடக் கசப்பானது. பூட்டும் புகையிலையும் போலத் தோலும் திண்டுக்கல்லின் பழைய தொழில். நகரைச் சுற்றியுள்ள தோல் பதனிடும் ஷாப்புகளின் உப்பும் குரோமியமும் கலந்த கழிவுநீர் பல பத்தாண்டுகள் குளங்களிலும் நிலத்திலும் இறங்கியது. கிணற்று நீர் உவர்த்தது. வேலூர் குடிமக்கள் நல அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று கொடுத்த தீர்ப்பு, இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் ஒரு மைல்கல். மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்ற தீர்ப்பு அது. வேலூரோடு நிற்காமல், அன்றைக்கு ‘திண்டுக்கல் அண்ணா’ என்று அழைக்கப்பட்ட இந்த மாவட்டத்தின் தோல் ஆலைகளையும் பெயர் சொல்லி அபராதத்துக்கு உட்படுத்தியது. தீர்ப்பில் விவசாயம், குடிநீர், உடல்நலம் எல்லாம் வருகின்றன. பிள்ளைகள் குதித்த கிணறும், மாலையில் பெரியவர்கள் உட்கார்ந்த குளத்துப் படியும் எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வருவதில்லை. இழந்தவர்களுக்கோ அதுவும் இழப்புதான்.

ஆற்றங்கரையின் கதையும் வேறல்ல. தாடிக்கொம்பு சௌந்தரராஜப் பெருமாள் சித்திரையில் குடகனாற்றில் இறங்குகிறார். மதுரையில் அழகர் வைகையில் இறங்குவதுபோலத் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்துக்கு இது ஆற்றுத் திருவிழா. ஒரு காலத்தில் இந்த நாட்களில் ஆற்றுமணலில் வண்டிகளை அவிழ்த்துப் போட்டுக் கட்டுச்சோறு சாப்பிட்டு இரவு தங்கிய குடும்பங்கள் ஏராளம். மணல் இருந்தால் ஊற்றுத் தோண்டிக் குடிக்கலாம், படுக்கலாம், பிள்ளைகள் புரளலாம். கடற்கரைக்கு மணல் எப்படியோ அப்படித்தான் ஆற்றுக்கும். மணலை அள்ளிய படுகையில் கோரையும் சீமைக்கருவேலும் முளைத்த பிறகு அங்கே யார் உட்காருவார்கள்? சாமி மட்டும் இறங்கி ஏறுகிறார்.

அடுத்து கிணறு. இந்த வட்டாரத்தின் தோட்டக் கிணறுகள் அகலமானவை, கமலை ஓடிய காலத்தில் பாறையை உடைத்து வெட்டியவை. மழை நல்லபடியாகப் பெய்த ஆண்டில் தண்ணீர் மேலே வந்து நிற்கும். மோட்டார் அறையின் கூரையிலிருந்து குதிப்பதுதான் பையன்களுக்குப் பெரிய பந்தயம். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி மாமாவோ அண்ணனோ தள்ளிவிட, தண்ணீரைக் குடித்துக் குடித்து நீச்சல் கற்ற தலைமுறைகள் உண்டு. குடுக்கை போய் பிளாஸ்டிக் கேன் வந்தது. பிறகு ஆழ்துளைக் கிணறுகள் வந்தன, நிலத்தடி நீர் இறங்கியது, பல கிணறுகள் வற்றின. சொல்லிக்கொடுக்க நின்ற பெரியவர்களும் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போய்விட்டார்கள். விளைவு, நீச்சல் தெரியாத பிள்ளைகள் கோடைவிடுமுறையில் தாங்களாகவே கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைகளைத் தேடிப் போகிறார்கள். குவாரிக் குட்டைக்குச் சரிவு கிடையாது. ஓரடி எடுத்து வைத்தால் அடுத்த அடியில் ஆழம். ஒவ்வொரு கோடையிலும் வரும் செய்திகளைப் படிக்கும்போது வயிறு பற்றி எரிகிறது. தண்ணீரில் இறங்காதே என்று எச்சரிக்கைப் பலகை வைப்பது மட்டும் தீர்வாகாது, பிள்ளைகள் இறங்கத்தான் செய்வார்கள். கண்ணுக்குத் தெரிந்த தண்ணீரில், தெரிந்தவர் ஒருவர் கரையில் நிற்க, நீந்தக் கற்றுக்கொடுப்பதுதான் அவர்களைக் காப்பாற்றும்.

பொதுத் தண்ணீர் என்று இவ்வளவு சொல்லும்போது, அது எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தண்ணீரில் கை வைக்கும் உரிமைக்காக 1927 மார்ச் 20 அன்று மகாட் நகரின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் இறங்க வேண்டியிருந்த நாடு இது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் ஊருக்கு ஒரு கிணறு, சேரிக்கு ஒரு கிணறு என்பதே வழக்கம். தோட்டக் கிணற்றில் குதிக்கும் பையன் எந்தத் தெருப் பையன் என்று பார்த்துத் துரத்திய கதைகளைத் தலித் மக்கள் தன்வரலாறுகளிலும் உரையாடல்களிலும் சொல்லியிருக்கிறார்கள். மீன்பிடித் திருவிழாவைப் பற்றிய செய்திகள் தவறாமல் ‘சாதி, மத வேறுபாடின்றி’ என்று எழுதுகின்றன. ஒரே சேற்றில், ஒரே நேரத்தில், யாருடைய ஊத்தா யாருடையதை இடிக்கிறது என்று பாராமல் எல்லோரும் இறங்கும் ஊர்களில் அந்தச் சொல் உண்மை. துண்டு வீசும் உரிமை யாருக்கு, முதலில் யாருக்கு மரியாதை என்று பார்க்கத் தொடங்கினால் பழைய அடுக்கு அங்கேயும் தலைகாட்டும். ஆனாலும், மற்ற நாட்களில் தனித்தனிப் படித்துறையில் இறங்கியவர்களை ஒரு நாளாவது ஒரே தண்ணீரில் இறக்குகிற வழக்கம் என்பதால் இதை விட்டுவிடக் கூடாது, இன்னும் நேர்செய்து காப்பாற்ற வேண்டும் என்பதுதான் என் நிலை.

இதே மாவட்டத்தின் சல்லிக்கட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, 2017 சனவரியில் மக்கள் திரண்டார்கள், சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. இன்று சல்லிக்கட்டுக்கு வாடிவாசல் அளவு முதல் மருத்துவக் குழு வரை எழுதப்பட்ட விதிமுறை இருக்கிறது. மாட்டுக்காக எழுந்த ஊர்கள் கண்மாய்க்காக அந்த அளவு எழவில்லை. கண்மாயைக் காக்கச் சட்டம் இல்லாமலில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இலேயே தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. நீர்நிலைகளைச் சீரமைக்கும் குடிமராமத்துத் திட்டம் 2017இல் மீண்டும் தொடங்கியது. ஆனால் இவற்றின் பார்வையில் குளம் என்பது கொள்ளளவு, கரையின் நீளம், ஆயக்கட்டுப் பரப்பு. ஊர்மக்கள் இறங்குகிற இடம் என்ற எண்ணம் திட்ட மதிப்பீட்டில் வருவதில்லை. அதனால்தான் கரையை உயர்த்தும்போது பழைய படித்துறை மண்ணுக்குள் போகிறது, கரைமேல் நின்ற ஆலமரமும் அதைச் சுற்றிய கல்மேடையும் போகின்றன. தாயமும் ஆடுபுலியும் ஆடிய கோடுகள் அந்தக் கல்லில்தான் கீறப்பட்டிருந்தன. ஒரு படித்துறைக்கும் ஒரு நிழலுக்கும் மதிப்பீட்டில் ஒரு வரி சேர்த்தால் ஆகும் செலவு மிகச் சிறியது.

இதற்கெல்லாம் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. குத்தகை ஆண்டு பசலிக் கணக்கில் சூலை 1 அன்று தொடங்குகிறது. கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் இரண்டு கூட்டங்கள், உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22 அன்றும் மே தினத்தன்றும், சரியாகக் குளம் வற்றும் பருவத்தில் வருகின்றன. ஊரில் உள்ள குளங்களில் ஒன்றையாவது ஏலத்துக்கு விடாமல் ஊர்மீனுக்கு ஒதுக்குவது, ஏலம் விடும் குளத்திலும் குத்தகைதாரர் தன் மீனை எடுத்தபின் கடைசி நாளை ஊருக்கு விடச் சொல்லி நிபந்தனை சேர்ப்பது, கொசுவலைக்குத் தடை, சரிவு குறைந்த ஒரு துறையில் பிள்ளைகளுக்குக் கோடைக்கால நீச்சல் பயிற்சி, எந்தத் தெருவினரும் எந்தத் துறையிலும் இறங்கலாம் என்ற அறிவிப்பு ஆகியவற்றை மே 1 அன்று தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டால், அடுத்த பசலி தொடங்க இரண்டு மாதம் இருக்கும். ஒன்றிய அலுவலகத்தில் ஏல அறிவிப்பு தயாராகும் முன் அந்தத் தீர்மானத்தின் நகலைச் சேர்த்துவிட அந்த இரண்டு மாதம் போதும்.